வேக நோவாவைத் தவறவிடச் செய்யும் தவறுகள்

திடீரென்று பிரகாசமாகிப் பிறகு மங்கும் விண்மீன்தான் நோவா. அதை "வார இறுதியில் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுவதுதான் பெரிய தவறு. 2021 ஜூன் 12 அன்று ஜப்பானைச் சேர்ந்த செய்ஜி உவேதா கண்டறிந்த வி1674 ஹெர்குலிஸ் நோவா, சில மணி நேரத்தில் வெறுங்கண்ணின் எல்லையான பொலிவெண் (விண்மீனின் பிரகாசத்தை அளக்கும் எண்) 6-ஐ நெருங்கியது. அதன் பிறகு ஏறத்தாழ ஒரே நாளில் பொலிவெண்ணில் இரண்டு அளவு மங்கிவிட்டது. பொலிவெண் கூடினால் வெளிச்சம் குறைகிறது என்று பொருள். இதைத் தலைகீழாகப் படிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இரண்டு அளவு மங்கினால் வெளிச்சம் ஆறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும்.

நோவாவைப் பற்றிய செய்திகளில் "இறக்கும் விண்மீன்" என்ற சொற்றொடர் அடிக்கடி தலைகாட்டுகிறது. எரிச்சலூட்டும் பிழை இது. நோவாவில் எந்த விண்மீனும் இறப்பதில்லை. இரட்டை விண்மீன்களில் ஒன்றான வெண்குள்ளன் (எரிபொருள் தீர்ந்த விண்மீனின் சிறிய, அடர்ந்த எச்சம்), தன் துணையிடமிருந்து ஹைட்ரஜனை இழுத்துத் தன் மேற்பரப்பில் சேர்க்கிறது. அந்த அடுக்கின் அடியில் அழுத்தமும் வெப்பமும் ஏறி, அணுக்கரு இணைவு பற்றிக்கொள்கிறது. சாதாரண வாயுவாக இருந்தால் சூடேறியதும் விரிந்து தணிந்துவிடும். வெண்குள்ளனின் மேல் நசுங்கிக் கிடக்கும் வாயு அப்படி உடனே விரிவதில்லை. வெப்பம் இணைவைத் தூண்ட, இணைவு வெப்பத்தைக் கூட்ட, கடைசியில் அடுக்கு வெடித்துச் சிதறுகிறது. வெண்குள்ளனும் துணையும் எஞ்சி, மறுபடி சேர்க்கத் தொடங்குகின்றன. விண்மீனே வெடித்து அழியும் சூப்பர்நோவாவோடு இதைக் குழப்ப வேண்டாம்.

நோவாவின் வேகம் என்பது மங்கும் வேகம்தான். இரண்டு அளவு மங்குவதற்குப் பத்து நாளுக்கும் குறைவாக எடுத்துக்கொண்டால் "மிக வேகம்" என்று வகைப்படுத்துகிறார்கள். அருகில் இருப்பதால் வேகமாகத் தெரிகிறது என்பது பிழையான ஊகம். காரணம் வெண்குள்ளனின் நிறை. நிறை கூடினால் அதன் உருவம் சிறுத்து, ஈர்ப்பு வலுக்கிறது. கொஞ்சம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே வெடித்துவிடும். வெடிப்பில் வெளியேறும் வாயு உறை மெலிதானதால் சீக்கிரமே கலைந்து ஒளி ஊடுருவவிடுகிறது. கண்ணுக்கு மங்கியதும் எல்லாம் முடிந்துவிடுவதும் இல்லை. மிச்சமிருக்கும் ஹைட்ரஜன் தொடர்ந்து எரிய, ஆற்றல் புறஊதா, எக்ஸ் கதிர்களாக வருகிறது. வி1674-இன் எக்ஸ் கதிர்கள் சுமார் 501 நொடிக்கு ஒருமுறை துடித்தன. அது வெண்குள்ளன் தன்னைத்தானே சுற்றும் காலம்.

பொலிவை மதிப்பிடுவோர் நேரத்தை "இரவு, சுமார் ஒன்பது" என்று எழுதிவிடுகிறார்கள். மணிக்கணக்கில் மாறும் பொருளுக்கு நிமிடம் வரை, உலகப் பொது நேரத்தில் குறிக்க வேண்டும். படம் எடுப்பவர்களுக்கு இன்னொரு பொறி: உறையிலுள்ள ஹைட்ரஜன் சிவப்பில் பலமாக ஒளிர்வதால், சிவப்பை அதிகம் உணரும் கேமராவின் கணக்கும் கண்ணின் கணக்கும் ஒத்துப்போகாது. கேமராவில் பொருத்திய நிற வடிகட்டியின் பெயரைக் குறிக்காத மதிப்பீட்டால் பயன் குறைவு.

"கண்டுபிடிப்புக்கு முந்தைய படங்களில் ஒன்றுமில்லை" என்று அவற்றை அழித்துவிடாதீர்கள். தானாகவே வானத்தைத் தொடர்ந்து படமெடுக்கும் எவ்ரிஸ்கோப் கருவியின் பழைய பதிவுகளில்தான், வி1674 உச்சத்துக்கு ஏறும் வழியில் பொலிவெண் 14 அருகே சில மணி நேரம் தயங்கி நின்றது தெரியவந்தது. கண்டுபிடிப்புக்குக் காத்திருந்து எடுத்த எந்தப் படத்திலும் இது கிடைத்திருக்காது.

மீண்டும் வெடிக்கும் நோவாக்களைக் கடிகாரம் போல நம்புவதும் தவறு. ஆர்எஸ் ஓபியூகி 1958, 1967, 1985, 2006, 2021 ஆண்டுகளில் வெடித்தது. இடைவெளி 9 ஆண்டிலிருந்து 21 ஆண்டு வரை தாவுகிறது. 1866-லும் 1946-லும் பொலிவெண் 2 வரை எழுந்த டி கொரோனே போரியாலிஸ் 2024-இல் வெடிக்கும் என்று பரவலாகச் சொல்லப்பட்டது. அந்த ஆண்டு வெடிக்கவில்லை. அதன் உச்சமும் சில நாட்களே நிற்கும் என்பதால், அது இருக்கும் விண்மீன்குழுவின் வழக்கமான தோற்றத்தை முன்கூட்டியே மனத்தில் பதித்துக்கொண்டவர்களுக்குத்தான் புதிய ஒளி உடனே கண்ணில் படும்.