விரல்கள் மடங்காதபோது சக்கர நாற்காலியைத் தள்ளும் முறை

கழுத்தில் 6-ஆவது முள்ளெலும்பு மட்டத்தில் தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு விரல்கள் மடங்காவிட்டாலும், மணிக்கட்டை மேல்நோக்கி நிமிர்த்தும் வலு பெரும்பாலும் எஞ்சியிருக்கும். ஆகவே சக்கரத்தின் வெளிப்பக்கத்தில் கையால் தள்ளுவதற்காக உள்ள வளையத்தைப் பிடிக்க முயல வேண்டாம். இரு உள்ளங்கைகளின் அடிப்பகுதியையும் வளையத்தின் வெளிப்பக்கத்தில் வைத்து உள்நோக்கி அழுத்தி, தோளின் வலுவால் நீளமாக முன்னே தள்ளிவிட்டு, கைகளைத் தளர்த்திக் கீழ்வழியாகப் பின்னுக்குக் கொண்டுவர வேண்டும்.

வெறும் உலோக வளையம் வழுக்கும். ரப்பர் பூசிய வளையமும், உள்ளங்கையில் ரப்பர் ஒட்டிய கையுறையும் தேவை. மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் மாலை மழைக்குப் பின் வளையத்தில் செம்மண் அப்பிக்கொள்ளும் என்பதால், மடியில் ஒரு பழந்துணி எப்போதும் இருக்கட்டும். பிரேக் கைப்பிடியில் நீளமான குழாயைச் செருகினால் மணிக்கட்டாலேயே பூட்டலாம்.

நான் மிகவும் அஞ்சுவது இறக்கத்தைத்தான். செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்துச் சரிவில் வளையத்தை உரசி வேகத்தைக் குறைக்கும்போது, உணர்விழந்த தோல் வெந்துபோவது தெரியவே தெரியாது. கொப்புளம் எழும்பிய பிறகுதான் கண்ணில் படும். கையுறையின்றி இறங்காதீர்கள், செங்குத்தான இடத்தில் வீட்டார் ஒருவர் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ளட்டும். லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) வீட்டுக்குத் திரும்பியதும் கையுறையைக் கழற்றி, இரு உள்ளங்கைகளையும் பெருவிரலின் அடியையும் வெளிச்சத்தில் பாருங்கள்.