மணிக்கு 12.21 பவுண்டு என்றால் கைக்கு எவ்வளவு வரும்? இங்கிலாந்தில் மணிச் சம்பளக் கணக்கு

இங்கிலாந்தில் மணிக்கு இவ்வளவு என்று பேசி வேலையில் சேர்பவர்கள், வாடகையும் ஊருக்கு அனுப்பும் தொகையும் அந்தச் சம்பளத்துக்குள் அடங்குமா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது. பேஸ்லிப் (சம்பளச் சீட்டு) வந்த பிறகு பார்த்தால், அதிலுள்ள தவறு கண்ணில் படாது. கையில் உங்கள் சொந்தக் கணக்கு ஒன்று இருந்தால்தான் அது படும். கீழே உள்ள எண்கள் 2025 ஏப்ரல் 6 முதல் 2026 ஏப்ரல் 5 வரையிலான வரியாண்டுக்கு உரியவை. ஸ்காட்லாந்தில் வருமான வரி விகிதங்கள் வேறு. அங்கு வசிப்பவரின் வரிக் குறியீடு (எவ்வளவு வரி பிடிக்க வேண்டும் என்று பேஸ்லிப்பில் காட்டும் எண்ணும் எழுத்தும்) 'எஸ்' என்று தொடங்கும்.

முதலில் சம்பளம் உள்ள மணிநேரத்தை மட்டும் எண்ணுங்கள். ரோட்டாவில் (வேலை நேரப் பட்டியலில்) எட்டு மணிநேர ஷிப்ட் என்று இருந்தாலும், அரை மணி சாப்பாட்டு இடைவேளைக்குப் பல இடங்களில் சம்பளம் கிடையாது. அப்படியானால் வாரம் ஐந்து நாளுக்கு 40 இல்லை, 37.5 மணிநேரம்தான். 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவருக்கான குறைந்தபட்சக் கூலி 2025-26இல் 12.21 பவுண்டு. 37.5 ஆல் பெருக்கினால் வாரத்துக்கு 457.88.

இதை நான்கால் பெருக்கி மாதச் சம்பளம் என்று வைத்துக்கொள்வது மிகப் பரவலான பிழை. அப்படிச் செய்தால் 1,831 வரும். ஆண்டுக்கு 52 வாரம் என்று பெருக்கி 12 ஆல் வகுத்தால் 1,984 வரும். மாதத்துக்கு 150 பவுண்டுக்கு மேல் வித்தியாசம். நான்கு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் தரும் நிறுவனமாக இருந்தால் மட்டும் நான்கால் பெருக்குவது சரி. அங்கே ஆண்டுக்கு 13 சம்பளம் வரும்.

இனிப் பிடித்தங்கள். வருமான வரியில் ஆண்டுக்கு 12,570 பவுண்டு வரை வரி இல்லை. மாதத்துக்கு ஏறக்குறைய 1,048. அதற்கு மேல் உள்ள தொகைக்கு 20%. நேஷனல் இன்சூரன்ஸும் (அரசின் சமூகக் காப்புக்கான கட்டாயப் பிடித்தம்) அதே 1,048க்கு மேல் 8%. வாரச் சம்பளமானால் அந்த எல்லை 242 பவுண்டு. பணியிடப் பென்ஷனின் குறைந்தபட்ச அளவு, மாதம் 520 பவுண்டுக்கு மேல் உள்ள தொகையில் 5%. அதில் 1% வரிச் சலுகையாகத் திரும்பிவிடுவதால் உங்கள் கையிலிருந்து உண்மையில் போவது 4%. சில பேஸ்லிப்பில் 5% வரிக்கு முன்பே கழிந்திருக்கும், சிலவற்றில் 4% வரிக்குப் பின் கழிந்திருக்கும். 20% வரி கட்டுபவருக்குக் கைக்கு வருவது இரண்டிலும் ஒன்றே.

1,984 பவுண்டுக்குப் போட்டுப் பார்ப்போம். வரி 187. நேஷனல் இன்சூரன்ஸ் 75. பென்ஷன் 58.50. மொத்தம் 320 பவுண்டு சொச்சம் போக, கைக்கு ஏறக்குறைய 1,664 வரும். மாதம் 162.5 மணிநேரம் என்று வகுத்தால், பேசிய 12.21இல் மணிக்கு 10.24 பவுண்டு உங்களுடையது.

ஒவ்வொரு முறையும் இவ்வளவு போட வேண்டியதில்லை. எல்லையைத் தாண்டிய ஒவ்வொரு பவுண்டிலும் 32 பென்ஸ் போய் 68 பென்ஸ் நிற்பதால், பிடித்தங்களுக்கு முந்தைய மாத மொத்தத்தை 0.68 ஆல் பெருக்கி 314 கூட்டினால் போதும். வாரச் சம்பளமானால் 0.68 ஆல் பெருக்கி 72.50 கூட்டுங்கள். பென்ஷன் பிடித்தம் இல்லையென்றால் மாத மொத்தத்தை 0.72 ஆல் பெருக்கி 293 கூட்டுங்கள். மாதம் 1,048க்கும் 4,189க்கும் இடையில் உள்ள சம்பளத்துக்கு இது பொருந்தும். முழுச் சம்பளத்திலும் பென்ஷன் பிடிக்கும் திட்டமானால் விடையில் 21 பவுண்டு குறையும். இங்கே படிக்க வாங்கிய கல்விக் கடன் இரண்டாம் திட்டத்தில் (பிளான் 2) இருந்தால், மாதம் 2,372க்கு மேல் உள்ள தொகையில் இன்னொரு 9% போகும். 12,570 என்ற எல்லை 2021 ஏப்ரலிலிருந்து மாறவில்லை. அதனால் 2026 ஏப்ரல் முதல் 12.71 ஆன கூலிக்கும், புதிய மொத்தத்தை இதே சூத்திரத்தில் போட்டாலே நெருக்கமான விடை வரும்.

ஓவர்டைம் செய்தால் எல்லாம் வரிக்கே போய்விடும் என்று சொல்பவர்கள் உண்டு. இந்தச் சம்பள நிலையில் அது சரியில்லை. கூடுதலாகப் பத்து மணிநேரம் செய்தால் 122.10, அதில் 83 பவுண்டு கைக்கு வரும். ஆண்டு வருமானம் 50,270ஐத் தாண்டும் வரை வரி விகிதம் மாறாது.

வரிக்கும் நேஷனல் இன்சூரன்ஸுக்கும் உள்ள ஒரு வித்தியாசத்தை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். வருமான வரி ஆண்டு முழுவதற்கும் சேர்த்துக் கணக்கிடப்படுவது. ஒரு மாதம் கூடுதலாகப் போனால் அடுத்த மாதங்களில் சரியாகிவிடும். நேஷனல் இன்சூரன்ஸ் ஒவ்வொரு சம்பளத்துக்கும் தனித்தனி. ஒரு வாரம் 484 பவுண்டு, மறுவாரம் ஒன்றுமில்லை என்று வேலை செய்பவருக்கு முதல் வாரம் 19.36 போகும், அது திரும்பாது. அதே 484ஐ இரண்டு வாரத்துக்கும் 242 ஆகப் பிரித்துச் செய்திருந்தால் ஒன்றும் போயிருக்காது. ரோட்டாவை நிரவிக்கொள்ள வாய்ப்பு இருந்தால் நிரவிக்கொள்ளுங்கள்.

வரி கூடுதலாகப் போவதற்குப் பெரும்பாலும் காரணம் வரிக் குறியீடுதான். ஒரே வேலை செய்பவருக்கு வழக்கமாக 1257எல் இருக்க வேண்டும். அதன் பின்னால் எம்1, டபிள்யூ1, எக்ஸ் என்று ஏதாவது இருந்தால், கடந்த மாதங்களில் நீங்கள் பயன்படுத்தாத வரியில்லா வரம்பு கணக்கில் வரவில்லை என்று பொருள். இதில் போகும் தொகை சிறியதில்லை. அக்டோபரில் இங்கு வந்து மாதம் 1,984க்கு வேலையில் சேர்பவர், மார்ச் முடிய ஆறு சம்பளத்தில் ஏறக்குறைய 11,905 சம்பாதிப்பார். அதற்கு முன் வரிக்குரிய வருமானம் இல்லையென்றால் 12,570ஐ எட்டவே இல்லை, வருமான வரி பூஜ்யம். எம்1 குறியீடு விழுந்தால் மாதாமாதம் 187 பவுண்டு போய்க்கொண்டிருக்கும். சேரும்போது தரும் படிவத்தில், ஏப்ரல் 6க்குப் பிறகு இதுவே முதல் வேலை என்றால் 'ஏ' கூற்றைக் குறியிடுங்கள். முந்தைய வேலை இருந்தால், அதை விட்டபோது அங்கு தந்த சம்பள, வரிச் சான்றான பி45ஐக் கொடுங்கள். இரண்டும் கொடுக்காவிட்டால் 0டி (0T) என்ற குறியீடு விழுந்து, முதல் பவுண்டிலிருந்தே வரி போகும்.

மாணவர் விசாவில் வாரம் 20 மணிநேரம் வேலை செய்பவர் இதைக் குறித்துக்கொள்ளட்டும்: 12.21 வீதம் வாரம் 244.20. அதற்கு வரி வாரத்துக்கு 50 பென்ஸ் அளவு, நேஷனல் இன்சூரன்ஸ் 18 பென்ஸ். 22 வயது நிரம்பியிருந்தால் பென்ஷனுக்கு ஏறக்குறைய 5 பவுண்டு. இதற்கு மேல் போகிறதென்றால் குறியீட்டைப் பாருங்கள்.

இரண்டாவது வேலைக்கு வழக்கமாக பிஆர் குறியீடு வரும். வரியில்லா வரம்பு முதல் வேலைக்கே போய்விடுவதால் முழுத் தொகைக்கும் 20%. மணிக்கு 13 பவுண்டு வீதம் 12 மணிநேரம் செய்தால் 156, வரி 31.20 போக 124.80. நேஷனல் இன்சூரன்ஸ் எல்லை ஒவ்வொரு வேலைக்கும் தனி என்பதால் இதில் அது போகாது. முதல் வேலையில் வரம்பு முழுவதும் தீரவில்லை என்றால், மிச்சத்தை இரண்டாவது வேலைக்குப் பிரித்துத் தரும்படி வரித்துறையான எச்.எம்.ஆர்.சி.யிடம் கேட்கலாம்.

ஏஜென்சி வேலையில் விளம்பரத் தொகையை அப்படியே நம்பக் கூடாது. விடுமுறைச் சம்பளத்தை மணிக்கூலியோடு சேர்த்துச் சொல்லும் வழக்கம் உண்டு; அதன் அளவு 12.07%. மணிக்கு 13.68 என்று கவர்ச்சியாகத் தெரிவது, பிரித்துப் பார்த்தால் 12.21 கூலியும் விடுமுறைப் பணமும்தான். பிறகு விடுப்பு எடுக்கும்போது தனியாகச் சம்பளம் வராது. அம்பிரெல்லா நிறுவனம் (ஏஜென்சிக்கும் உங்களுக்கும் இடையில் முதலாளியாக நின்று சம்பளம் தருவது) வழியாகச் சம்பளம் வந்தால் இன்னும் கவனம் தேவை. அங்கே சொல்லப்படும் தொகையிலிருந்து முதலாளி கட்ட வேண்டிய 15% நேஷனல் இன்சூரன்ஸும் முதலாளியின் பென்ஷன் பங்கும் அந்த நிறுவனத்தின் கட்டணமும் முதலில் கழியும்; அதன் பிறகே உங்கள் கூலி தொடங்கும். கையெழுத்திடுமுன் முக்கியத் தகவல் தாளைக் கேட்டு வாங்குங்கள். மாதிரிக் கணக்கோடு அதைத் தருவது ஏஜென்சியின் சட்டக் கடமை.

பென்ஷனிலிருந்து விலகினால் கையில் கொஞ்சம் கூடும் என்பது உண்மை. ஆனால் முதலாளி போடும் 3% அத்தோடு நின்றுவிடும். வாடகை கட்டவே முடியாத நெருக்கடி இல்லையென்றால் விலக வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. விலகுவதென்றால் ஒரு மாதத்துக்குள் செய்தால்தான் பிடித்த பணம் திரும்பும்.

சில்லறைக் கடையில் கல்லாவில் பணம் குறைந்தது என்று பிடித்தால், ஒரு சம்பளத்தில் மொத்தத் தொகையின் 10%க்கு மேல் பிடிக்கக் கூடாது. வேலையை விட்டுப் போகும் கடைசிச் சம்பளத்துக்கு மட்டும் இந்த வரம்பு இல்லை. சீருடைக்காகப் பிடிப்பது உங்கள் கூலியைக் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே இறக்கக் கூடாது.

கூடுதலாகப் போன வரி, குறியீடு அதே வரியாண்டுக்குள் திருத்தப்பட்டால் அடுத்த சம்பளத்திலேயே திரும்பும். இல்லையென்றால் ஏப்ரல் 5க்குப் பிறகு, அந்த ஆண்டின் சம்பளத்தையும் வரியையும் காட்டும் சான்றான பி60ஐ வைத்துக்கொண்டு கேட்கலாம். நான்கு ஆண்டு அவகாசம் உண்டு: 2025-26இல் கூடுதலாகக் கட்டியதை 2030 ஏப்ரல் 5 வரை கேட்கலாம், அதற்குள் ஊர் திரும்பியிருந்தாலும் கூட.