பேசாத படத்தைப் பாட்டிக்கும் பிள்ளைகளுக்கும் போட்டுக் காட்டுவது எப்படி

ஹெரால்டு லாய்டு நடித்த 'தி ஃப்ரெஷ்மேன்' 1925இல் வந்த பேசாத படம், ஒன்றேகால் மணி நேரம்தான். கல்லூரியில் எல்லோருக்கும் பிடித்தவனாகிவிட வேண்டும் என்று துடிக்கிற ஒரு பையன், அவனை வைத்து வேடிக்கை பார்க்கிற கூட்டம், கடைசியில் ஒரு ஃபுட்பால் ஆட்டம். இவ்வளவுதான் கதை.

வீட்டில் போடுவதென்றால் முதலில், நடுநடுவே வருகிற ஆங்கில எழுத்து அட்டைகளை யார் தமிழில் சொல்வது என்று முடிவு செய்யுங்கள். ஒரே ஆள்தான் சொல்ல வேண்டும், அதுவும் அட்டை மறைவதற்குள் ஒரே வரியில். மற்ற நேரத்தில் அவர் வாயைத் திறக்கக் கூடாது. போன தடவை நான் ஒவ்வொரு காட்சிக்கும் விளக்கம் சொல்லப்போய், "மாமா, கொஞ்சம் சும்மா இருங்க" என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஆட்டத்தைப் பற்றி மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் இது நம் சிங்கப்பூர் ஜாலான் புசார் விளையாட்டரங்கில் பார்க்கிற காற்பந்து இல்லை, அமெரிக்க ஆட்டம். முட்டை மாதிரி இருக்கிற பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு எதிரணியின் கோட்டைத் தாண்ட வேண்டும், விசில் ஊதினால் ஆட்டம் அங்கேயே நிற்கும். இந்த விசில் விஷயத்தை அழுத்திச் சொல்லுங்கள். ஆலைச் சங்கை நடுவரின் விசில் என்று நினைத்து அவன் பந்தைக் கீழே போடுகிற இடம் அப்போதுதான் புரியும். ஆனால் அது வரப்போகிறது என்று உளறிவிடாதீர்கள்.

அப்புறம் விருந்துக் காட்சி. அதற்குமுன் தண்ணீர், முறுக்கு, கழிவறை எல்லாம் முடிந்திருக்க வேண்டும். லேசாக நூல் மட்டும் ஓட்டிய, தைத்து முடியாத கோட்டைப் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறான், அடிக்கடி தலைசுற்றுகிற தையற்காரர் திரைக்குப் பின்னால் ஊசியும் நூலுமாக நிற்கிறார், சட்டென்று கோட்டின் கை கழன்று வருகிறது. தேக்கா சந்தை மாடித் தையற்கடையில் தீபாவளிக்கு முதல்நாள் ரவிக்கைக்குக் காத்திருந்த பாட்டிகளுக்கு எந்த விளக்கமும் வேண்டாம்.

ஃபுட்பால் பயிற்சியில் அவனை, மோதிப் பழகுகிற பொம்மைக்குப் பதிலாக நிறுத்தி ஆளாளுக்கு மோதித் தள்ளுவார்கள். சின்னப் பிள்ளைகள் அங்கே முகம் சுளித்தால் மடியில் வைத்துக்கொள்ளுங்கள், நிறுத்த வேண்டாம்.

யாரிடமும் கைகுலுக்கும் முன் அவன் ஒரு குட்டி ஆட்டம் ஆடுவான். பிள்ளைகளிடம் மறுநாள் வரை அது ஓயாது. எங்கள் புளோக் லிஃப்டில் பக்கத்து வீட்டு அங்கிளுக்குக் கூடக் கிடைத்தது, அவரும் பையைக் கீழே வைத்துவிட்டுத் திருப்பி ஆடினார்.