கூர்சீட்டை நம்பாதீர்கள்: புது வக்கீல்களுக்கு

போன வாரம் வேலூர் சத்துவாச்சாரி கோர்ட்டில் ஒரு ஜூனியர் கையில் கூர்சீட்டு ஒன்றைப் பார்த்தேன். குடும்பச் சொத்தைப் பங்கு பிரித்து எழுதிக்கொள்ளும் தாள்தான் கூர்சீட்டு. இருபது ரூபாய் பத்திரத்தாள், இரண்டு சாட்சி, "இன்று முதல் பிரித்துக்கொள்கிறோம்" என்ற வாசகம். தொழிலுக்கு வந்த புதிதில் நான் எழுதியதே திரும்பி வந்ததுபோல் இருந்தது. வாய்தா மறப்பது, வக்காலத்தில் கையெழுத்து விடுபடுவதெல்லாம் ஒரு தடவை திட்டு வாங்கினால் சரியாகிவிடும். இது அப்படியல்ல.

பதியாத கூர்சீட்டு

குடியாத்தம் பக்கம் அண்ணன் தம்பி மூன்று பேர். ஒன்றரை ஏக்கர், ஒரு வீடு, பொதுக் கிணறு. "பத்திர ஆபீஸ் செலவு எதுக்கு சார், எங்களுக்குள்ள தகராறு வராது" என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். ஒன்பது வருடம் கழித்து மூத்தவர் இறந்தார். அவர் மகன் சித்தப்பாவின் பங்கில் வேலி போட்டான். சித்தப்பாவுக்காக வழக்கில் அந்தத் தாளைச் சான்றாவணமாகக் குறியீடு செய்ய எழுந்தேன். எதிர்த்தரப்பு ஆட்சேபித்தது: பதிவுச் சட்டம், 17 மற்றும் 49ஆம் பிரிவுகள். நிலத்தைப் பிரிப்பதே அந்தத் தாள்தான் என்றால், பதியாமல் அதைக் கொண்டு பங்கை நிரூபிக்க முடியாது. முத்திரைத்தீர்வைக் குறைவை அபராதம் கட்டிச் சரிசெய்யலாம். பதிவுக்கு எழுதிய நாளிலிருந்து 4 மாதம், அபராதத்தோடு இன்னும் 4 மாதம். அதற்குப் பிறகு கதவு மூடிவிடும். அந்தச் சித்தப்பா என்னைப் பார்த்த பார்வை இன்னும் உறுத்துகிறது.

வாய்மொழியாக முன்பே பிரித்ததைப் பின்னால் நினைவுக்குறிப்பாக எழுதினால் பதிவு தேவையில்லை. அதற்காக "பிரித்துக்கொண்டோம்" என்று இறந்தகாலத்தில் எழுதித் தப்பிக்கலாம் என்று ஜூனியர்களுக்கு யாரோ சொல்லிக் கொடுக்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். பட்டா, கிஸ்து (நிலவரி) ரசீது, மின் இணைப்பு எல்லாம் முன்பே பிரிந்திருந்ததா என்று கோர்ட் பார்க்கும். நடக்காததை எழுதாதீர்கள். குடும்பத்துக்குள் பாகப்பிரிவினைக்குத் தமிழ்நாட்டில் தீர்வை குறைவு, உச்சவரம்பும் உண்டு. அதைக் கணக்குப் போட்டுக் காட்டினாலே பாதிப் பேர் பதிய ஒத்துக்கொள்வார்கள்.

பெண் பிள்ளைகள்

இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்தின்படி பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் பங்கு. கல்யாணச் சீர் அதற்கு ஈடாகாது.

செக் திரும்பினால்

30 நாளுக்குள் நோட்டீஸ். ஆம்பூர் தோல் வியாபாரி "பார்ட்டி நல்லவர், பொறுக்கலாம்" என்பார். பொறுக்காதீர்கள்.

கூத்து மன்றம்

1975ஆம் ஆண்டு சங்கப் பதிவுச் சட்டத்தில் ஏழு பேர் சேர்ந்து பதிந்துவிட்டு, பிறகு பதிவாளர் பக்கமே போகாத தெருக்கூத்து மன்றங்கள் நம் பக்கத்தில் நிறைய. ஒரு மன்றத்தில் கூத்து வாத்தியார் இறந்துவிட்டார், செயலாளர் அவர்தான். புது நிர்வாகிகளைப் படிவம் 7இல் காட்டாததால் வங்கி பணம் தரவில்லை. கூத்து நடக்கும் திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழாவுக்குப் பதினைந்து நாள்தான் இருந்தது. கூத்தில் கோமாளியான கட்டியக்காரன் வேஷம் கட்டுகிறவர் மனைவியின் கம்மலை அடகு வைத்து மேளக்காரருக்கு முன்பணம் கொடுத்தார்.