பழைய அஞ்சலக வீட்டில் கை வைக்குமுன்

கடந்த மாதம் இங்கிலாந்தின் சிற்றூர் ஒன்றில், விக்டோரியா அரசி காலத்து (1837–1901) அஞ்சலக வீட்டின் செங்கல் சுவரில் ஓர் இளைஞர் சிமென்ட் அடைத்துக்கொண்டிருந்ததைக் கண்டபோது, இருபது ஆண்டுகளுக்கு முன் நான் செய்த காரியம் கண்முன் வந்து நின்றது. இத்தகைய வீடுகளைப் பழுதுபார்ப்போர் செய்யும் தவறுகளையே இங்கே சொல்கிறேன். மட்டம் பிசகுவது, அளவு தவறுவது போன்றவற்றை எந்த மேஸ்திரியும் திருத்திவிடுவார் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

சுவருக்குச் சிமென்ட்

இவ்வகை வீடுகளின் சுவர் பெரும்பாலும் 9 அங்குலக் கனமுள்ள முழுச் செங்கல் கட்டு. நடுவே காற்றிடைவெளி கிடையாது. மழையில் ஓரளவு நீரை உறிஞ்சி, காற்றடிக்கும்போது அதை இடுக்குகளிலுள்ள சுண்ணாம்புச் சாந்தின் வழியே வெளிவிடுவது அதன் இயல்பு. சாந்து செங்கல்லைவிட மென்மையாக இருந்தால் கேடு சாந்தோடு நின்றுவிடும். உதிர்ந்த சாந்தைத் திரும்பவும் அடைத்துக்கொள்ளலாம். சிமென்டோ அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் செங்கல்லுக்குள்ளேயே தங்கி, உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிந்து, அதன் முகத்தைப் பெயர்த்துத் தள்ளுகிறது.

நான் அடைத்த சுவர் இரண்டு குளிர்காலம் தாங்கியது. மூன்றாவதில், ஒரு காலை, வாசற்படியெங்கும் செந்நிறச் செதில்கள் கிடந்தன. செங்கற்கள் உள்வாங்கிப்போக, என் சிமென்ட் மட்டும் வலைபோலத் துருத்திக்கொண்டு நின்றது. அதைச் சுழல்தகட்டு அறுப்பு இயந்திரத்தால் எடுக்கப் போனது அடுத்த மடத்தனம். செங்கல்லின் விளிம்புகளும் சேர்ந்து அறுபட்டன. நான்கு நாளில் அடைத்ததை உளி கொண்டு எடுக்க ஆறு வாரம் ஆயிற்று, ஈடு வைக்கப் பழஞ்செங்கல் தேடிய செலவோ என் கூலியை விழுங்கிவிட்டது. "கெட்டியாக இருக்கட்டுமே" என்று யாராவது சொன்னால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது.

பெயரை வைத்து வயதைக் கணித்தல்

'பழைய அஞ்சலகம்' என்ற பெயர் வீட்டின் வயதைச் சொல்லாது. 1840இல் ஒரு பென்னிக் கட்டணத்தில் நாடெங்கும் கடிதம் அனுப்பும் முறை வந்து கடிதங்கள் பெருகிய காலத்தில், பல ஊர்களில் ஏற்கெனவே இருந்த வீட்டின் முன்னறையே அஞ்சலகமாயிற்று. கார்ன்வால் பகுதியின் டின்டாஜெலில் 'பழைய அஞ்சலகம்' எனப்படும் வீடு 14ஆம் நூற்றாண்டினது. விக்டோரியா காலத்தில்தான் அங்கே கடிதம் பெறும் நிலையம் அமைந்தது. ஜன்னல்கள் ஓரளவு துப்புத் தரும்: கண்ணாடி வரி 1845இலும் ஜன்னல் வரி 1851இலும் நீங்கிய பிறகே பெரிய கண்ணாடிகள் பரவலாயின. ஜன்னலே பின்னாளில் மாற்றப்பட்டிருக்கவும் கூடும்.

தெருப்பக்க இரண்டாம் கதவு

தெருப்பக்கம் இரண்டு கதவுகள் இருந்தால், ஒன்று அஞ்சலகத்துக்கு, மற்றது குடும்பத்துக்கு. எதையும் அடைக்காதீர்கள்.

சுவர்ப் பெட்டி

சுவரில் பதிக்கும் அஞ்சல் பெட்டிகள் 1857 முதல் வந்தவை; விக்டோரியா காலத்தவற்றில் அரசியின் 'வி ஆர்' (விக்டோரியா ரெஜினா, அதாவது விக்டோரியா அரசி) எழுத்துகள் இருக்கும். இன்னும் கடிதம் எடுக்கப்படும் பெட்டியானால் அது பிரிட்டனின் அஞ்சல் நிறுவனமான ராயல் மெயிலின் உடைமை, வீட்டுக்காரருடையதன்று.