எடின்பரோவில் பசியோடு அலையாதீர்கள்

கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு இறங்கும்போதுதான் பசிக்கும். எதிரே ராயல் மைல். கண்ணில் பட்ட முதல் கடைக்குள் நுழைந்துவிடுவோம். ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் பலரும் செய்யும் தவறு இதுதான். கோட்டையிலிருந்து ஹோலிரூட் அரண்மனை வரை போகும் இந்தத் தெருவில் சுற்றுலாக் கூட்டம் அதிகம், விலையும் அதற்கேற்பத்தான். தெற்கே நிக்கல்சன் தெருப் பக்கம் கொஞ்சம் நடந்தால், பல்கலைக்கழக மாணவர்கள் சாப்பிடும் கடைகள் வந்துவிடும்.

நடக்கும்போது கைபேசி வரைபடத்தை அப்படியே நம்பாதீர்கள். பழைய நகரம் அடுக்கடுக்காக எழும்பிய ஊர். நான்காம் ஜார்ஜ் பாலமும் கவ்கேட் தெருவும் வரைபடத்தில் சந்திப்பதுபோல் தெரியும். போய் நின்றால் கவ்கேட் பாலத்துக்கு அடியில், பல மாடி ஆழத்தில் கிடக்கும். தேடி வந்த கடை காலடியில் இருக்க, இறங்க வழி தேடி அலைய வேண்டும். சக்கரப் பெட்டியும் கையில் இருந்தால், கல் பாவிய அந்தத் தெருக்களில் படும் பாடு தனி.

இரவு ஒன்பதரைக்குச் சாப்பிட்டுப் பழகியவர்கள் அங்கே அதை மறந்துவிடுவது நல்லது. பப் நள்ளிரவு வரை திறந்திருக்கும். ஆனால் அதன் சமையலறையைப் பெரும்பாலும் ஒன்பது மணிவாக்கில் மூடிவிடுவார்கள். 1947 முதல் நடந்துவரும் ஆகஸ்ட் கலைவிழாவின்போது போனால், அறைக்கு மட்டுமல்ல, சாப்பாட்டு மேசைக்கும் முன்பதிவு செய்துவிடுங்கள்.

அப்புறம் ஹாகிஸ். ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரலோடு ஓட்ஸ், வெங்காயம், கொழுப்பு சேர்த்துச் செய்வது. குடல்கறி பிடித்தவர்கள் முகம் சுளிக்க ஒன்றுமில்லை. மாட்டுக் கொழுப்பும் சேர்ப்பதுண்டு என்பதால், தவிர்ப்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். சைவ ஹாகிஸும் பல இடங்களில் கிடைக்கிறது, நன்றாகவே இருக்கும். சைவர்கள் ஏமாறுவது உருளைக்கிழங்கு சிப்ஸில்தான் (அங்கே சிப்ஸ் என்றால் நீளமாக நறுக்கிச் சுடச்சுடப் பொரித்த துண்டுகள்): சில கடைகளில் மாட்டுக் கொழுப்பில் பொரிக்கிறார்கள். கலன் ஸ்கிங்க் என்ற சூப்பின் பெயரைப் பார்த்து ஒன்றும் தெரியாது; அது புகையூட்டிய மீன் சூப். சிப்ஸ் கடையில் 'சால்ட் அண்ட் சாஸ்?' என்று கேட்டால், தக்காளி சாஸ் என்று நினைத்துத் தலையாட்டாதீர்கள். வரப்போவது புளிப்பான பழுப்பு சாஸ்.

டிப்ஸ் வைக்குமுன் பில்லைப் பாருங்கள், சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்ந்திருக்கலாம். பேருந்தில் ரொக்கம் கொடுத்தால் மீதிச் சில்லறை தர மாட்டார்கள். கார்டைத் தொட்டுவிட்டு ஏறுவதே சுலபம்.

கோட்டைப் பீரங்கி மதியம் ஒரு மணிக்கு முழங்குவதைக் கேட்க ஞாயிற்றுக்கிழமை போய் நிற்காதீர்கள். அன்று அதற்கு விடுமுறை.