குளத்தடியில் கிடக்கும் குழாயை ரோபோவே எடுக்கப் பழக்குவது எப்படி?

முதல் பயிற்சிக்கு ஒரே வேலை போதும்: நீச்சல்குளத்தின் அடியில் கிடக்கும் பிவிசி குழாயை எடுப்பது. தரையில் ரோபோக் கையை மேசையோடு திருகிப் பொருத்திவிடலாம். தண்ணீரில் கை முன்னே நீண்டால் உடல் பின்னே போகும். சிரமமெல்லாம் அதில்தான்.

தேவையானவை: புளூஆர்ஓவி2 போன்ற ஆறு உந்துவிசிறி நீருக்கடி வாகனம், திறந்து மூடும் பிடிப்பான், 30 செ.மீ. நீளத்துக்கு 32 மி.மீ. குழாய், லேமினேட் செய்த சதுரங்கக் கட்டப் பலகை. கம்பி, கனெக்டருக்குச் சிங்கப்பூரின் சிம் லிம் டவர் போங்கள்.

படி 1: மிதப்பு. விசிறிகளை நிறுத்தினால் வாகனம் மிக மெதுவாக மேலெழ வேண்டும். அப்போதுதான் ஆழத்தில் நிற்க விசிறி தண்ணீரை மேல்நோக்கித் தள்ளும். குழாய் உருளாது, கசடு கலங்காது. பிடிப்பானின் எடையால் மூக்கு தாழ்ந்தால் நுரை மிதவையை முன்னே நகர்த்துங்கள். இதில் அவசரப்படவே கூடாது.

படி 2: கேமரா. கட்டப் பலகையைத் தண்ணீருக்குள்ளேயே 30 கோணங்களில் படமெடுத்து அளவுத்திருத்தம் செய்யுங்கள். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33. தட்டைக் கண்ணாடி வழியே பார்க்கும்போது பொருள் பெரிதாகத் தெரியும். தரையில் எடுத்த அளவை வைத்தால் 60 செ.மீ. தூரம் 45 ஆகிவிடும். பிடிப்பான் வெறும் தண்ணீரைப் பிடிக்கும்.

படி 3: செய்துகாட்டுதல். ஜாய்ஸ்டிக்கால் 50 முறை எடுத்துக் காட்டுங்கள். படம், ஆழம், சாய்வு, கட்டளை நான்கும் ஒரே கடிகார நேரத்தோடு பதிவாகட்டும். படத்தை வாகனத்திலேயே பதியுங்கள். கரைக்கு வரும் காணொளி தாமதமானது, பழைய படத்தோடு புதிய கட்டளை ஒட்டிக்கொள்ளும். 15 முறையாவது வேண்டுமென்றே விலகித் தொடங்கித் திருத்திக் காட்டுங்கள். பிசகே இல்லாத பதிவுகளை மட்டும் பார்த்த ரோபோ, சற்று விலகினாலும் மீளத் தெரியாமல் மேலும் மேலும் விலகும்.

படி 4: பயிற்சி. ஆழத்தைப் பிடித்து நிற்பதை வாகனத்தை இயக்கும் ஆர்டுசப் மென்பொருளிடம் விடுங்கள். பதிவுகளைப் பார்த்துக் கற்கும் கணினி மாதிரி (மாடல்), வேகக் கட்டளைகளை மட்டும் கற்கட்டும். 40 ஓட்டங்கள் பயிற்சிக்கு, 10 சோதனைக்கு. ஒரே ஓட்டத்தின் படங்களை இரண்டிலும் கலந்தால் பிழை குறைந்ததுபோல் ஏமாற்றும்.

கடலுக்குப் போகும்முன் அனுமதி வாங்குங்கள். உப்புநீர் அடர்த்தி கூடியது. 11 கிலோ வாகனத்துக்கு ஏறக்குறைய கால் கிலோ எடை சேர்க்க நேரும். நம் கடல் கலங்கல். விளக்கைக் கேமராவிலிருந்து தள்ளிச் சாய்த்து வையுங்கள், இல்லாவிட்டால் மிதக்கும் துகள்களே வெள்ளையாகப் படத்தை மறைக்கும். ஏற்றவற்றப் பட்டியலோடு நீரோட்ட நேரத்தையும் பார்த்து, ஓட்டம் அடங்கும்போது இறக்குங்கள். கரையேறியதும் பிடிப்பானை நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். உப்பு காய்ந்தால் விரல்கள் இறுகிக்கொள்ளும்.